மிஸ் எங்கள் வளவுக்கு வந்தார்

அனுப்புநர்:
இ. பாத்திமா ஷிஹாரா,
கிணற்றடி ஒழுங்கை,
குறிஞ்சிப்பிட்டி, கற்பிட்டி.

பெறுநர்:
பிரதி விவசாயப் பணிப்பாளர் அவர்கள்,
மாவட்ட விவசாய அலுவலகம்,
புத்தளம்.

விடயம்: விவசாயப் போதனாசிரியை செல்வி மயூரதி அவர்களுக்கு எதிரான 2025.06.30 திகதிய முறைப்பாடு பொய்யானது எனத் தெரிவித்தலும், அதை எழுதிய என்னை விசாரிக்குமாறு கோரலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயம் செய்யும் இஸ்ஹாக் என்பவரின் மூத்த மகள். வயது பதினேழு. எனது தாயார் சவூதிக்கு வேலைக்குப் போன வருடம், தங்கையைப் பார்க்க ஆளில்லாததால் ஒன்பதாம் தரத்துடன் பாடசாலையை விட்டேன். அலுவலகங்களுக்கு எழுதி எனக்குப் பழக்கமில்லை. மேற்படி முறைப்பாடுதான் நான் எழுதிய முதலாவது கடிதம். அதில் கையொப்பம் தகப்பனாருடையது, எழுத்து என்னுடையது. இந்த மனுவின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தங்களுக்கு விளங்கும்.

2. அம்முறைப்பாட்டில், "போதனாசிரியை இப்போகத்தில் ஒரு நாளேனும் எமது வளவில் காலடி வைக்கவில்லை" என்று எழுதியிருந்தேன். இது பொய். மயூரதி மிஸ் மே மாதம் 6ஆம், 14ஆம், 27ஆம் திகதிகளில் எங்கள் வளவுக்கு வந்தார். மூன்று தடவையும் நான் வீட்டில் இருந்தேன்.

3. தகப்பனார் பகலில் நுரைச்சோலைப் பக்கம் வேறொருவரின் தோட்டத்தில் வேலை செய்கிறார். எங்கள் பயிரைப் பார்க்க அவருக்குப் பின்னேரம்தான் நேரம். ஆகையால் மிஸ் வந்த நேரங்களில் வீட்டில் நானும் நான்கு வயதுத் தங்கையும் மட்டுமே இருந்தோம்.

4. 6ஆம் திகதி பதினொரு மணியளவில் அவர் வந்தார். ஒழுங்கையின் மணலில் ஸ்கூட்டி புதைந்ததால் கடைசித் தூரத்தைத் தள்ளிக்கொண்டே வந்தார். வெங்காயப் பாத்திகளுக்குள் குந்தியிருந்து இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வேணாம் தங்கச்சி. தண்ணியக் குடிச்சா பிறகு போறதுக்கு இடம் தேடணும். காலையில ஆறு மணிக்கு வெளிக்கிட்டது" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க பாத்ரூம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

5. ஐயா, இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் மற்றவை எதுவும் தங்களுக்கு விளங்காது. எங்கள் மலசலகூடம் அரைச் சுவரோடு நின்றுபோனது. கூரையும் இல்லை, கதவும் இல்லை. கதவு இருக்கவேண்டிய இடத்தில் தாயாரின் பழைய சாரியைக் கட்டியிருக்கிறோம். எங்கள் பக்கக் காற்றுக்கு அது நிற்பதில்லை. அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரை அங்கே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "மோட்டர் பழுது மிஸ், தண்ணி இல்ல" என்று சொன்னேன்.

நான் அப்படிச் சொல்லும்போது பின்னால் பாத்திகளுக்கு நடுவே நானே போட்டுவிட்ட ஸ்பிரிங்லர் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் அவருடைய சப்பாத்திலும் தெறித்தது. அவர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "பரவாயில்ல தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். தான் வந்ததற்கு அத்தாட்சியாகத் தன் வெளிக்களக் குறிப்பேட்டில் கையொப்பம் கேட்டார். வாப்பா வரட்டும் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிப் போனார். அடுத்து எங்கே இறங்கினார், யார் வீட்டில் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. அன்று முழுவதும் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

6. 14ஆம் திகதி ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும், அவர் மறுபடியும் கேட்டுவிடுவாரோ என்று பயந்து கதவைச் சாத்தி, தங்கையின் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் அடுப்படியில் இருந்தேன். அவர் வேலியடியில் நின்று மூன்று தரம் கூப்பிட்டார். வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். 27ஆம் திகதியும் அவ்வாறே செய்தேன். அன்று அவர் ஒரு துண்டு எழுதிக் கதவிடுக்கில் வைத்துச் சென்றார். இலை முறுக்கிச் சுருளும் நோய் தொடங்கிவிட்டது என்றும், நோய் கண்டவற்றைப் பிடுங்கி எரிக்கும்படியும், பின்னேரத்தில் ஸ்பிரிங்லர் போடவேண்டாம், யூரியா போடவேண்டாம் என்றும், மருந்து அடிக்குமுன் தனக்குத் தொலைபேசியில் சொல்லும்படியும் அதில் எழுதியிருந்தார். கீழே அவருடைய இலக்கம் இருந்தது.

7. அத்துண்டைத் தகப்பனாரிடம் கொடுத்தால், மிஸ் வந்த நேரம் கதவை ஏன் திறக்கவில்லை என்று கேட்பார். அதற்குப் பயந்து அதை அலுமாரியில் எனது பழைய பாடசாலைப் புத்தகங்களுக்குள் ஒளித்தேன். அதில் இருந்தபடி செய்திருந்தால் பயிர் தப்பியிருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் செய்யவேண்டாம் என்று எழுதியிருந்த இரண்டையும் தகப்பனார் செய்தார். பசளை போதாமல்தான் இலை சுருளுகிறது என்று நினைத்து யூரியா போட்டார். தினமும் வேலையால் வந்து ஸ்பிரிங்லரைப் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் முக்கால்வாசிப் பயிர் நிலத்தோடு அழுகியது.

8. முறைப்பாடு எழுத உட்கார்ந்த அன்று தகப்பனார் என்னிடம் நேரடியாகவே கேட்டார். "மகள், அந்தப் பொம்புள ஒரு நாளாச்சும் இந்தப் பக்கம் எட்டிப் பாத்தாவா?" "இல்ல வாப்பா" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் சொல்லச்சொல்ல எழுதினேன். ஆகவே அவர் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பினார்.

9. இம்மாதம் 12ஆம் திகதி ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்குப் போன தகப்பனார் சந்தோஷமாகத் திரும்பி வந்தார். எதிர்வரும் 24ஆம் திகதி விசாரணை என்றும், மிஸ் குறிப்பேட்டில் எழுதியுள்ள மூன்று வருகைக்கும் கையொப்பம் இல்லாததால் அவை கள்ளக் கணக்கு என்று எடுக்கப்பட்டுள்ளதாகவும், அவரை வெளிக்களத்திலிருந்து நிறுத்தித் தூர இடத்துக்கு மாற்றப்போவதாகவும் சொன்னார். "ஸ்கூட்டி மட்டும்தான் ஓடிரிக்கி, ஆளக் காணல்ல" என்று தான் சொன்னதற்குக் கூட்டமே சிரித்ததாம்.

10. மறுநாள் தாயாருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "நானும் இங்க வீடு வீடா வேல செஞ்சவதான் மகள். கேட்டு இல்லண்டு சொன்னா எப்பிடி இரிக்குமெண்டு எனக்குத் தெரியும். வாப்பாக்கிட்ட சொல்லு. பொறகு எழுது" என்று அவர் சொன்னார். அன்றே தகப்பனாரிடம் சொன்னேன். ஊர் முன்னால் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று ஏசினார். பிறகு எழும்பிப் போய், அந்த அரைச் சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நேற்றுக் காலை வேலைக்குப் போகுமுன் தபால் உறை ஒன்றை வாங்கிவந்து என் முன்னால் வைத்தார்.

11. ஆகவே ஐயா, தங்களிடம் தாழ்மையுடன் கேட்பது இவைதான். மயூரதி மிஸ் குறிப்பேட்டில் எழுதியது அத்தனையும் உண்மை எனப் பதியுங்கள். அவரை மாற்ற வேண்டாம். எங்கள் பக்கத்தில் பாத்திக்குள் குந்தியிருந்து இலையைத் திருப்பிப் பார்க்கும் உத்தியோகத்தர் வேறு எவரையும் நான் கண்டதில்லை. பயிர் அழிந்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்கவேண்டாம். என்னிடம் கேளுங்கள். அவர் எழுதிய துண்டை இத்துடன் இணைத்துள்ளேன். திகதி மேலே இருக்கிறது. கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்திலும் உண்மை சொல்லப்பட வேண்டும். அதைத் தானே சொல்வதாகத் தகப்பனார் சம்மதித்துள்ளார்.

12. 24ஆம் திகதி விசாரணைக்கு என்னை அழையுங்கள். தகப்பனாருடன் வருவேன். மிஸ்ஸும் அங்கே இருக்கவேண்டும். ஆட்களுக்கு முன்னால் எனக்குக் கதை வராது, பாடசாலையிலும் அப்படித்தான். அன்றும் குரல் வராமல் போனால், தயவுசெய்து இந்த மனுவை என் முன்னால் யாரையாவது கொண்டு உரத்து வாசிப்பியுங்கள். மலசலகூடத்தைப் பற்றி எழுதியதையும் விடாமல் வாசிக்கட்டும். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் "ஓம், இது உண்மை" என்று நான் சொல்வேன். அவ்வளவு என்னால் முடியும்.

தங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்) இ. பாத்திமா ஷிஹாரா

எனது மகள் எழுதியதை வாசிக்கக் கேட்டு ஒப்பமிடுகிறேன்:
(ஒப்பம்) இஸ்ஹாக்

இடம்: குறிஞ்சிப்பிட்டி
திகதி: 2025.07.17

இணைப்பு: 2025.05.27 திகதிய கையெழுத்துத் துண்டு – 01