அறுத்த கோடு

கும்மிடிப்பூண்டி
8.2.2004

அன்புள்ள நியாசுக்கு,

சாம்சன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். ஷார்ஜாவில் குளிர் விட்டதா, ரூமில் சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்டு ஒரு பக்கத்தை வீணாக்க மாட்டேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் மஸ்டாங் கார் இன்று காலை உறுமியது.

எட்டு சிலிண்டரும் எரிகிறது. நீ ஆள் மூலம் கொடுத்தனுப்பிய கார்புரேட்டரை மாட்டினேன். மூன்றாவது தடவை சாவி திருப்பியதும் பிடித்துக்கொண்டது. சைலன்சர் இன்னும் போடவில்லை. பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் கூரை ஏறிவிட்டது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த எங்கப்பா, இரும்பு மில்லில்தான் ஏதோ வெடித்துவிட்டது என்று லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தார். "படிக்க அனுப்பினா பாதியில வந்து நின்ன. இத்தையாவது முழுசா முடிடா" என்றார். நான் பாலிடெக்னிக்கை விட்டதிலிருந்து அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஸ்கிராப் யார்டில் அந்த கன்டெய்னரைத் திறந்த நாள்? முழு வண்டியாக வந்தால் கஸ்டம்ஸில் விடமாட்டான் என்று, கப்பல் ஏற்றும் முன்னாடியே முன் சீட்டுக்கு நேராக கேஸ் கட்டரால் இரண்டாக அறுத்து, பழைய இரும்பு என்று அனுப்பியிருந்தான். முன்பாதியைப் பார்த்ததும் நீ பைத்தியம் பிடித்த மாதிரி பின்பாதியைத் தேடிக் குவியல் மேலே ஏறி இறங்கினாய். ஆதிகேசவன் அண்ணன் சிரித்தார். "உலைக்குப் போற பொணம் ஒண்ணு, அதுக்கு மாப்ள ரெண்டு பேரு" என்று லாரி ஷெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது வந்து பார்க்கச் சொல். இரண்டு பாதியையும் நானே ஒட்டிவிட்டேன். அவர் ஷெட்டில் ஒன்றரை வருஷம் லாரி பாடி கட்டக் கற்றதெல்லாம் அதில் இருக்கிறது. மில்லிலிருந்து அப்பா கொண்டுவந்த பட்டை இரும்பை வைத்து, அறுத்த கோட்டிலேயே சேர்த்து வெல்டிங் அடித்தேன். கிரைண்டர் போட்டேன். பட்டி பூசித் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவிப் பார்த்தால் எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை.

உன் கல்யாணத்துக்கு இதில்தான் மாப்பிள்ளை ஊர்வலம். நீ பின்சீட்டில், நான் ஸ்டீயரிங்கில். சொன்னது சொன்னதுதான். பெயின்ட் என்ன கலர் என்று எழுது.

உன் நண்பன்,
சாம்சன்


கும்மிடிப்பூண்டி
16.5.2004

அன்புள்ள நியாசுக்கு,

சாம்சன் எழுதுவது. உன் கடிதமும் வண்டி முன்பக்கம் மாட்டுகிற குதிரைச் சின்னமும் வந்து சேர்ந்தன. நீ கேட்ட கரும்பச்சைதான் அடித்திருக்கிறேன். வெயிலில் நிறுத்தினால் கண் கூசுகிறது.

செப்டம்பர் பத்தொன்பது என்று நாள் குறித்தாயிற்று என்று உன் தம்பி மொஹசின் சொன்னான். சிஃபா வீட்டிலும் சம்மதமாம். வாழ்த்து. உன் தம்பி இங்கேயேதான் கிடக்கிறான். பழவேற்காட்டிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறி வந்து, "அண்ணே, ஒரே ஒரு ரவுண்டு"ன்னு நச்சரிக்கிறான். நீ சொன்னபடி இரண்டாவது சாவியை உன் வீட்டில் கொடுத்துவிட்டேன். பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் உங்கம்மாவும் வந்தார்கள். உட்காரச் சொன்னேன். "எனக்கின்னாத்துக்குப்பா இதெல்லாம்" என்றவர்கள், உட்கார்ந்த பிறகு இறங்க மனமில்லாமல் இருந்தார்கள். மொஹசினும் உன் அக்கா ஷமீமாவும் ஏறிக்கொண்டார்கள். என்னோடு நான்கு பேர் உட்கார்ந்து கதவைச் சாத்தினால் மேலே லேசாக உரசியது. கீல் சரிபண்ணினால் போய்விடும். போகும்போது உங்கம்மா பானட்டைத் தொட்டு, ஏதோ ஓதி, மூன்று தடவை ஊதிவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே, படிப்பலகையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கிறது. பட்டி காயும்போது அப்படி வரும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் பூசி பெயின்ட் அடித்துவிட்டேன். இப்போது இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் நிற்காதே.

சாம்சன்


கும்மிடிப்பூண்டி
25.7.2004

அன்புள்ள நியாசுக்கு,

நலம்தான். இங்கே மழை இல்லை. அப்பாவுக்கு இருமல். மில்லில் இரண்டு ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள்.

வண்டி நன்றாக இருக்கிறது. அந்தக் கோடு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று தடவை பூசிவிட்டேன். மே மாதம் அதில் பேப்பர் நுழையவில்லை. இப்போது எட்டணா காசு நுழைகிறது. வண்டிக்கு நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் மூடிக்கொள்கிறது. எடுத்தால் திறக்கிறது. வெயில்தான் காரணமாக இருக்கும்.

சும்மா இருக்கட்டும் என்று ஆதிகேசவன் அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். வண்டிக்கு அடியில் படுத்தவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் கையைக் கழுவினார். டீ போட்டு வைத்திருந்தேன், குடிக்கவில்லை. பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

நியாஸ், நான் ஒன்று யோசித்தேன். ஊர்வலத்துக்கு இந்த வண்டி எதற்கு? பெட்ரோலைக் குடிக்கிறது. ஸ்டீயரிங் இடது பக்கம். ஆர்.சி. புக் வேறு இல்லை. மீஞ்சூரில் வெள்ளைக் கான்டசா வாடகைக்கு விடுகிறார்கள், பூவெல்லாம் கட்டி அவர்களே கொண்டுவருகிறார்கள். மஸ்டாங்கைப் பந்தல் வாசலில் நிறுத்தி வைப்போம். நீயும் சிஃபாவும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் ரொம்ப அழகாக இருக்கும்.

யோசித்து எழுது. சீக்கிரம் எழுது.

சாம்சன்


கும்மிடிப்பூண்டி
2.9.2004, வியாழன், காலை 7 மணி

அன்புள்ள நியாசுக்கு,

உன் பதில் நேற்று வந்தது. "கான்டசாவா? இன்னாடா விளையாடுறியா? ரூம்ல பதினாலு பேர் கிட்ட போட்டோ காட்டிக்கினு இருக்கேன். நீ உன் வாழ்க்கையில முடிச்ச ஒரே வேலைடா அது, அதுல நான் ஏறாம எவன் ஏறுவான்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பத்துத் தடவை படித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் உன்னிடம் பொய் சொன்னேன். ஆதிகேசவன் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினேனே, சொன்னார். வண்டிக்கு அடியிலிருந்து வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சேசிஸ் எங்கடா?" என்பதுதான். "லாரின்னா கீழ சேசிஸ் இருக்குது, அது எல்லா வெயிட்டையும் தாங்கிக்கினு போவும். மேல இருக்கற பாடி சும்மா பொட்டி. எப்படி ஒட்டினாலும் ஓடும். இந்த வண்டிக்குத் தனியா சேசிஸ் கிடையாதுடா. பாடிதான் சேசிஸ். நீ அறுந்த முதுகெலும்ப உட்டுட்டு மேல தோலைத் தச்சு வச்சிருக்கே" என்றார்.

லாரி பாடி ஒட்டுகிற மாதிரி ஒட்டிவிட்டேன், நியாஸ். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பாலிடெக்னிக்கில் இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தால் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்னவோ. "இன்னிக்கோ நாளைக்கோ தெரியாது. ஆனா குழியில உட்டு எடுத்தா ஒரு நாள் நடுவுல உட்காரும். அப்ப உள்ள இருக்கறவன் கதி அவ்ளோதான்" என்றார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நான் அவரைக் கெஞ்சினேன். ஜூலை மாதம் நடந்தது இது.

வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணும்போது சொல்லலாம் என்று இரண்டு தடவை உன் வீட்டுக்கு வந்தேன். வீடே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ரிசீவரை என்னிடம் கொடுத்தபோது "எல்லாம் ரெடி மச்சான்" என்றுதான் வாயில் வந்தது.

நேற்று நான் பெயின்ட் கடைக்குப் போயிருந்தபோது மொஹசின் உன் வீட்டில் கொடுத்திருந்த சாவியோடு வந்து வண்டியை எடுத்திருக்கிறான். பழைய அம்பாசிடர் நம்பர் பிளேட்டை மாட்டிக்கொண்டு மூன்று கூட்டாளிகளோடு எளாவூர் செக்போஸ்ட் வரை போய் வந்துவிட்டான். நூறில் போனானாம். ஒன்றும் ஆகவில்லை. "கதவு மட்டும் ஒட்டிக்கினு திறக்கவே மாட்டேங்குதுண்ணே, ஜன்னல் வழியா எகிறிக் குதிச்சோம், செம ஸ்டைலு" என்று சிரிக்கிறான். அவன் போன பிறகு அடியில் படுத்துப் பார்த்தேன். கோட்டில் என் விரல் போகிறது. இடது பக்கம் வெல்டிங் முழுவதும் விட்டுப் போயிருக்கிறது. நான் கீழே படுத்துக்கொண்டே அந்தப் பிளவு வழியாக சீட்டின் அடித்துணியைப் பார்த்தேன்.

சாவியைக் கேட்டேன். "அண்ணன் வந்து வாங்கிக்கட்டும். ஏர்போர்ட்டுக்கே இதுலதான் வருவேன்" என்றான். அவனிடமும் என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் ஒரு மணி நேரத்தில் ஊருக்கே தெரியும். எங்கப்பாவுக்குத் தெரியும்.

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இப்போது ஆதிகேசவன் அண்ணன் ஷெட்டுக்குப் போய் கேஸ் சிலிண்டரும் கட்டரும் கொண்டுவரப் போகிறேன். அதே கோட்டில் இரண்டாக அறுத்து, வந்த மாதிரியே யார்டுக்கு அனுப்பிவிடுவேன். நீ கோபப்படு. கல்யாணத்துக்குக் கூப்பிடாதே. பரவாயில்லை. உன் அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணி, இந்த வண்டி வேண்டாம் என்று நீயே சொன்னதாகச் சொல்லிவிடு. ஓதி ஊதிய வண்டி.

திரும்பி வந்து மீதியை எழுதுகிறேன்.


அதே நாள், காலை 10.50, பொன்னேரி

நியாஸ், சிலிண்டரோடு வீட்டுக்கு வந்து பார்த்தால் வண்டி நின்ற ஷெட் காலி.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஒரு ஸ்பானர், இரண்டு நிமிஷ வேலை. இப்போதுதான் தோன்றுகிறது.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "மொஹசின் தம்பி வந்து கேட்டான். அம்மாவ ஏத்திக்கினு மெட்ராசுக்குக் கல்யாண ஜவுளி எடுக்கப் போறாங்களாம். நாந்தான் கேட்டைத் திறந்து உட்டேன். ரோட்ல ஏறினதும் பார்த்தேன்டா, ராஜா மாதிரி போச்சு. என் புள்ள செஞ்ச வண்டின்னு எதுர்ல வந்தவன் கிட்டலாம் சொன்னேன்" என்றார். அவர் கண்ணெல்லாம் ஈரமாக இருந்தது. நான் சிலிண்டரை இறக்கிவிட்டு, அதை ஏற்றி வந்த ஆதிகேசவன் அண்ணன் பைக்கிலேயே கிளம்பினேன். இந்தக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது.

பொன்னேரி எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன் வீட்டுக்குப் போன் போட்டேன். உங்கப்பாதான் எடுத்தார். "அட சாம்சனா! இன்னா வண்டிப்பா பண்ணியிருக்கே! தெருவே வந்து நின்னு பார்த்துச்சு. உன் பேரைச் சொல்லித்தான் அனுப்பினேன். அம்மா, ஷமீமா, அவ ரெண்டு புள்ளைங்க, எல்லாம் ஏறிக்கினு போயி முக்கா மணி நேரம் ஆவுது" என்றார். மொஹசினின் மொபைல் நம்பர் கேட்டேன். அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டானாம். "இன்னா விஷயம்பா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வயசானவர், தனியாக இருக்கிறார்.

பழவேற்காட்டிலிருந்து மெட்ராசுக்கு இரண்டு வழி. தச்சூர் வழியாகத்தான் நான் வந்தேன். எதிரில் வரவில்லை. அப்படியானால் மீஞ்சூர் வழியாகப் போயிருக்கிறார்கள். அந்த ரோடு உனக்குத் தெரியும். தண்ணி லாரி ஓடி ஓடி, குழியைத் தவிர வேறொன்றும் இல்லை.

பூத்துக்காரர் துளசிராமன் நல்ல மனுஷன். மீஞ்சூர் ரயில்வே கேட் பக்கத்தில் அவர் மச்சான் டீக்கடை வைத்திருக்கிறாராம். பச்சை வண்டி வந்தால் நிறுத்தச் சொல்லலாம் என்று லைன் போட்டுக்கொண்டிருக்கிறார். கிடைக்கவில்லை. கிடைக்கும் வரை கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

லைன் கிடைத்தது. வந்ததாம். கூட்ஸ் வண்டிக்காக கேட் போட்டிருந்தார்கள், பத்து நிமிஷம் நின்றதாம். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் போய்ச் சுற்றி நின்றார்களாம். குழந்தைக்குத் தண்ணீர் வாங்க டிரைவர் இறங்கப் பார்த்தானாம், கதவு திறக்கவில்லையாம். எல்லோரும் சிரித்தார்களாம். உள்ளே இருந்த அம்மாவும் சிரித்தார்களாம். ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொடுத்தார்களாம். கேட் திறந்ததும் முதல் ஆளாக உறுமிக்கொண்டு போய்விட்டதாம்.

ஐந்து நிமிஷம்தான் ஆகிறதாம்.

நான் பின்னாலேயே போகிறேன். போகிற வழியில் இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போவேன். நடந்த பிறகு சொன்னான் என்று ஆகக் கூடாது. அதற்காகத்தான். உன் கைக்கு வர எட்டு நாள் ஆகும். அதற்குள் ஊரிலிருந்து உனக்கு எந்தப் போனும் வரவில்லை என்றால் இதைக் கிழித்துப் போடு. வந்து எனக்கு நாலு அறை விடு, வாங்கிக்கொள்கிறேன். போன் வந்திருந்தால், என் பேரில் இருக்கிற தப்பு எல்லாவற்றையும் நான் என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன், யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. எங்கப்பாவிடம் மட்டும் காட்டாதே.

நீ ஐந்து வேளை தொழுகிறவன். நான் சர்ச் வாசலை மிதித்து மூன்று வருஷம் ஆகிறது. எனக்கும் சேர்த்து நீயே கேள். எட்டு நாள் கழித்துக் கேட்டால் ஆகுமா என்று நினைக்காதே. கேட்கிறவனுக்கு நாள் கணக்கு இருக்காது. உங்கம்மா, ஷமீமா, அந்த இரண்டு பிள்ளைகள், மொஹசின், எல்லோரும் அன்றைக்கு ஜவுளியை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று கேள்.

கோட்டை இனிப் பூசி மறைக்காத உன்,
சாம்சன்