நாலு விரல் யன்னல்

அக்கா,

நேற்று மகளின் காரில் போகும்போது பெற்றோல் அடிக்க நிறுத்தினோம். கடை வாசலில் பாபிகியூக் கரிப் பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை வீட்டுக்கு ஆட்கள் வருகினமாம், ஒரு பையைத் தூக்கிப் பின்சீற்றில் போட்டாள். கார் வெளிக்கிட்டு இரண்டு நிமிடமில்லை, கரி மணம் என் மூக்கில் ஏறியது. நாலு கண்ணாடியையும் இறக்கு என்று கத்தினேன்.

அந்த பேஸ்மென்ற் நினைவிருக்கிறதா என்று உங்களிடம் கேட்பது விசர்க்கதை. சாகும்வரை நீங்கள் அதை மறக்கவில்லை. டோர்செட் பார்க் பக்கம், எண்பத்தேழாம் ஆண்டு மாரி. ஒரு அறையில் நானும் இவரும் பிறந்து பன்னிரண்டு நாளான பிள்ளையும். மற்ற அறையில், மன்னாரிலிருந்து தனியாக வந்து ரெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நீங்கள். இவருக்கு ஒஷாவாவில் வேலை, கிழமை முடியத்தான் வருவார். மேலே இருந்த வீட்டுக்காரர் குளிருக்குப் பயந்து எங்கேயோ வெயில் தேசத்துக்குப் போய்விட்டார். வீட்டைச் சூடாக்குகிற ஒயில் தாங்கி வற்றிக் கிடந்ததைப் பார்க்காமல் போனாரோ, பார்த்துவிட்டுத்தான் போனாரோ தெரியாது. அந்த மனுசனை இன்றைக்கும் நான் மனம் நிறையத் திட்டுவேன்.

சூடு நின்ற அன்று பெரிய பனிப்புயல். ஒயில் லொறிகளுக்கு ஊரெங்கும் தட்டுப்பாடு, இரண்டு நாள் பொறுங்கோ என்று சொல்லிவிட்டார்கள். கரண்டில் ஓடுகிற சின்ன ஹீற்றர்கள் இரண்டை ஒன்றாகப் போட்டோம், ஃபியூஸ் போய்விட்டது. ஃபியூஸ் பெட்டி மேல்வீட்டில், பூட்டுக்கு உள்ளே. வெளியே முழங்கால் அளவு பனி, கைக்குழந்தை, கார் வைத்திருக்கிற ஒருவரையும் தெரியாது. நகரசபைக்குச் சொல்லலாமென்றால், அந்த அறைகளே களவாகக் கட்டினவை. வந்து பார்த்தால் எங்களைத்தான் வெளியே போகச் சொல்வார்கள். அகதிக் கேஸ் முடியாதவர்கள் எந்த உத்தியோகத்தருக்கும் முகம் காட்டக்கூடாது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே சட்டம். யன்னலெல்லாம் பிளாஸ்ரிக் ஒட்டிவிட்டு, இருந்த உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தோம்.

அடுத்தநாள் மத்தியானம் பின்வளவுக் கொட்டிலில் அரைப் பை கரி கண்டெடுத்து வந்தீர்கள். "பிள்ளைப்பெத்தவளுக்குத் தணல் வைக்கிறதுதானே. முப்பத்தொண்டாம் நாள் வரைக்கும் கட்டிலுக்குக் கீழை வைச்சவையெல்லே" என்றீர்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. என் தமக்கைக்கு அம்மா வைத்ததைக் கண்ணால் கண்டவள் நான். ஊரில் அந்த அறைக்கு ஓட்டு இடுக்கெல்லாம் காற்று வரும் என்பது இரண்டு பேருக்கும் மூளையில் ஓடவில்லை. பனிக்குள் வைத்து மூட்டி, புகை அடங்கியபிறகு தாச்சியோடு கொண்டுவந்து இரண்டு கல்லின் மேல் வைத்தீர்கள். பிறகு பிளாஸ்ரிக்கைக் கத்தியால் கீறி, யன்னலை நாலு விரல் அளவு திறந்தீர்கள்.

"உதைச் சாத்திப்போடாதை. நான் கடையிலை போய் ஒயில்காரனுக்குப் போன் எடுத்துப்போட்டு ஓடி வாறன்."

நீங்கள் போய்ப் பத்து நிமிடம் இருக்காது. யன்னலால் பனித்தூள் வந்து பிள்ளையின் துணியில் விழுந்தது. எழும்பிச் சாத்தினேன். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா அக்கா. ஒரு நாளைக்குப் பிறகு பிள்ளையின் உள்ளங்கால் சூடாக இருந்தது. தலை இடித்தது, நித்திரைக் குறைவு என்று நினைத்தேன். பிறகு ஒன்றும் தெரியாது. கண் திறந்தபோது படிக்கட்டில், பனிக்குள் கிடக்கிறேன். நீங்கள் பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டிக்கொண்டு மாதாவைக் கூப்பிடுகிறீர்கள். அது அழும்வரைக்கும் நான் மூச்சு விட்டேனோ தெரியாது. அப்போதும் அம்புலன்ஸைக் கூப்பிட எங்களுக்குத் துணிவில்லை.

"நான் வடிவாத் திறந்து வைக்கேல்லைப் போல. யன்னல் தானா விழுந்து சாத்துப்பட்டிட்டுது. நான்தான் பிள்ளையைக் கொல்லப் பாத்தன்" என்று நெஞ்சில் அடித்தீர்கள். நான் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை இவர் வந்து "உங்களுக்கு அறிவில்லையோ" என்று பாய்ந்தார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். அப்போதும் நான் பாலைக் கொடுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவரிடம் பயம், என்மேலேயே எனக்குப் பயம். யன்னல் திறந்திருந்தாலும் அந்தக் கரியின் நச்சுக்காற்று ஆபத்துத்தான் என்று பிறகு ஒரு நேர்ஸ் சொல்லித் தெரியும். ஆனாலும் சாத்தினது நான்.

அடுத்த மாதம் சென் ஜேம்ஸ் ரவுண் பக்கம் வேறு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் என் பிள்ளையைத் தூக்கவே இல்லை. பிறந்தநாளுக்கு வருவீர்கள், கேக் வெட்ட உதவி செய்வீர்கள், அவள் கிட்ட வந்தால் குசினிக்குள் போய்விடுவீர்கள். அவள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டில் எல்லோரும் மேடையேறி ஆராத்தி எடுக்க, நீங்கள் பின்கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்தீர்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தது, சொல்லிவிட வேண்டும் என்றுதான். "பிள்ளை சுகமோ?" என்று கேட்டீர்கள். ஓம் அக்கா என்றேன். அவ்வளவுதான் வந்தது.

நேற்றுக் கண்ணாடி இறக்கிய காருக்குள் எல்லாவற்றையும் மகளுக்குச் சொன்னேன்.

"அந்த அன்ரிக்கு என்னைப் பிடிக்காதெண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சனான், அம்மா. அதாலைதான் அவவின்ரை செத்தவீட்டுக்கும் நான் வரேல்லை."

உங்களிடமிருந்து அவளையும், அவளிடமிருந்து உங்களையும் பறித்தது நான்தான் அக்கா. இனி அதை யாரிடம் போய்ச் சொல்ல?