வெறுமனே தரவும்

இன்று காலை சூரியகாந்தி விதை வறுத்தேன். விதை சிவந்து வரும்போது எழும் அந்த வாசம் அடுப்படி முழுக்கப் பரவியதும், என் கையிலிருந்த கரண்டி தானாகச் சுவர்ப்பக்கம் போனது. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர். விதை பதமாக வறுபட்டதும் நீ அந்தப் பக்கத்திலிருந்து கரண்டிக் காம்பால் தட்டுவாய். அரைக்க ஆள் வேண்டும், வெரசா வா என்று அர்த்தம். இன்று நான் தட்டப் போனேன். அந்தப் பக்கம் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் கரண்டியை இறக்கிக்கொண்டேன்.

இன்று உன் மகள் நஸ்ரீனுக்குப் பிறந்தநாள். நீ போன பிறகு வருகிற முதல் பிறந்தநாள். போன வாரம் உன் வீட்டுக்காரர் ஏலக்காய்க் கடையைச் சாத்திவிட்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"தங்கச்சி, அவ அம்மா செய்யுமே அந்த பிரவுனி, அத ஒரு தடவ செஞ்சு தர முடியுமா?" என்றார்.

"புள்ள கேட்டாளாண்ணே?"

"இல்லத்தா. எதையுமே கேக்க மாட்டேங்கிறா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திய பிறகுதான் என்ன ஒப்புக்கொண்டேன் என்று உறைத்தது. நான் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று உனக்குத் தெரியும். மலைமேல் மெட்டுக்கு ஏறுகிற பஸ்சில் ஒவ்வொரு வளைவுக்கும் உன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். "கண்ண மூடிக்கிட்டா பள்ளம் இல்லாமப் போயிருமாடி?" என்று கேலி செய்வாய். அப்படிப்பட்டவளின் கையில் உன் பிள்ளையின் உயிரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு அது ஒரு பலகாரம். நமக்கு அப்படி இல்லை. பாலும் முட்டையும் பட்டால் நஸ்ரீனுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகும். கோதுமை வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். வேர்க்கடலை, முந்திரி வகையறா என்றால் மூச்சே அடைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் யாரோ கொண்டுவந்த கேக்கை எல்லாப் பிள்ளைகளும் தின்ன, இவள் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதை நீ ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாய். அன்று சாயங்காலமே போனில் தேட ஆரம்பித்துவிட்டாய். பிரவுனி என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது உன் வாயிலிருந்துதான். சிலமலைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த என் மாமியார் நீ சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாலு இல்ல, முட்ட இல்ல, மைதா இல்ல. பாத்திரமாவது உண்டா ஆத்தா?" என்றார். நாம் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

மில்லில் கோதுமையும் அரைப்பார்கள் என்று கேழ்வரகை வீட்டிலேயே அரைத்தாய். செக்கில் கடலையும் ஆட்டுவார்கள் என்று எண்ணெயே வேண்டாம் என்றாய். வெண்ணெய்க்கும் எண்ணெய்க்கும் சேர்த்து சூரியகாந்தி விதைதான். வறுத்த விதையை மிக்ஸியில் அரைத்தால் முதலில் பொடியாகும், பிறகு திரண்டு ஓரத்தில் அப்பிக்கொள்ளும். கைவிட்டுவிடலாம் என்று தோன்றுகிற நேரத்தில் வழித்துவிட்டு இன்னும் அரைத்தால், தன் எண்ணெயைத் தானே விட்டு இளகிவிடும். ஜார் சூடாகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும். அந்த இடைவெளிகளில்தான் நாம் ஊர்க்கதை பேசியது. முட்டைக்குப் பதிலாக ஊறவைத்த ஆளிவிதைப் பொடி, இனிப்புக்கு நாட்டுச்சர்க்கரை, கோக்கோ தூள், உன் கடை ஏலக்காய்.

முதல் தடவை கோக்கோவைக் குறைத்துவிட்டாய். ஆறின பிறகு வெட்டினால் உள்ளே பாசி பிடித்ததுபோலப் பச்சை! நான் அலறிவிட்டேன். இந்த விதையும் சோடா உப்பும் சேர்ந்தால் நிறம் அப்படி மாறும், கெடுதல் இல்லை என்று நீ போனில் படித்துக் காட்டினாய். நான் நம்பவில்லை. பிள்ளைக்குக் கொடுக்க விடாமல் மறித்துக்கொண்டு நின்றேன். நீ ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நான் செத்துட்டா நீ சொன்னது சரி" என்றாய். அப்போது சிரித்தேன். இப்போது அதை எழுதும்போது கை வரவில்லை.

பாத்திரமாவது உண்டா என்று மாமியார் கேட்டது வேறு விதமாகத் திரும்பி வந்தது. அடி கனத்த எவர்சில்வர் டப்பா ஒன்று வைத்திருந்தாய். அதிலேயே மாவை ஊற்றி ஓவனில் வைத்து, ஆறியதும் மூடியைப் போட்டுவிடுவாய். ஒரு பெருநாளைக்கு மாடி வீட்டு அக்காவுக்கு அந்த டப்பாவில் கொடுத்தனுப்பினாய். அந்த அக்கா மானஸ்தி. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவாரா? கடலை உருண்டை பிடித்து டப்பா நிறையக் கொடுத்தார். நீ உருண்டைகளை அப்படியே என் மாமியாருக்குக் கொடுத்துவிட்டு, டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவினாய். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். பளபளவென்று இருந்தது. விளிம்பு மடிப்புக்குள் என்ன ஒட்டியிருந்ததோ, யார் கண்டது?

அடுத்த முறை அதில் செய்ததைத் தின்ற நஸ்ரீனுக்கு உதடு வீங்கியது. பிறகு கண் வீங்கியது. பிறகு மூச்சு விசில்போல வர ஆரம்பித்தது. கடையில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்பில் ஏலக்காய் மூட்டைகளை இறக்கக்கூட நேரமில்லாமல் ஏறிக்கொண்டோம். பிள்ளை என் மடியில் கிடந்தாள். நீ அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "நஸ்ரீனு, அம்மாவப் பாரு, அம்மாவப் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். தேனி ரோடு அவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அவள் மூச்சு சீரான பிறகு, நீ சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாய். "கண்ணுக்குத் தெரியாதத கழுவ முடியாதுடி" என்றாய். மாடி வீட்டு அக்கா வந்து உன் காலைப் பிடித்து அழுதபோது, "ஊரு வழக்கம் அது, நீங்க என்னக்கா பண்ணுவீங்க" என்று நீதான் அவரைத் தேற்றினாய்.

அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினாய். பாத்திரக் கடையில் எல்லாரும் பேர் வெட்டிக்கொள்வார்கள். நீ மூடியில் 'வெறுமனே தரவும்' என்று வெட்டச் சொன்னாய். தெருவே முகத்தைச் சுளித்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவது நம் பக்கத்தில் பகையாளிகூடச் செய்யாத காரியம். நாலு கல்லு உப்பு, ஒரு கொத்துக் கருவேப்பிலையாவது போட்டுக் கொடுப்பார்கள். நீ அசையவில்லை. டப்பாவை வாங்கி, வாசலிலேயே திறந்து கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பாய். "பயம் நல்லதுடி. நாலு பேரு பயந்துக்கிட்டே இருந்தாத்தான் இவ பொழைப்பா" என்பாய்.

கடைசியில் புற்றுநோய் உன்னைப் படுக்கையில் போட்டபோது அந்த டப்பாவைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாய். "இது உன் வீட்டுல இருக்கட்டும். என் வீட்டுக்கு இனிமே நாலு வீட்டுச் சோறு வரும். எந்தக் கரண்டி எதுல போகும்னு யாருக்குத் தெரியும்?" அதைக் கூடத்து அலமாரியின் உச்சியில் வைத்தேன். அதன் பிறகு தொடவில்லை.

இந்த வாரம் முழுக்க நான் செய்த அட்டகாசத்தைப் பார்த்திருந்தால் "போதும்டி" என்று நீயே சொல்லியிருப்பாய். புது மிக்ஸி ஜார் வாங்கினேன். அடுப்படியை மூலை மூலையாகத் தேய்த்தேன். கடலை எண்ணெய்த் தூக்கைக் கொல்லைப்புறம் கொண்டுபோனேன். "அத்தை, கடல ஒன்னுகூட அடுப்படியில இருக்கக் கூடாது" என்று மாமியாரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சரித்தா என்றார்.

இன்று விதையை வறுத்து அரைத்து, கேழ்வரகு மாவையும் கலந்து வைத்த பிறகு, நாற்காலி போட்டு ஏறி உன் டப்பாவை இறக்கினேன். துணிக்குள் ஏதோ உருண்டது. அவிழ்த்துத் திறந்தால், உள்ளே ஒரு கைப்பிடி வேர்க்கடலை.

மாமியாரைக் கூப்பிட்ட குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"நீதானத்தா கடல அடுப்படியில இருக்கக் கூடாதுன்ன. வீட்டுல மிச்சம் கெடந்தது அம்புட்டுத்தான். இந்த டப்பா வேற வெறும் டப்பாவா இருந்துச்சு. வெறும் பாத்திரம் வீட்டுல இருக்கலாமா? அதான் போட்டு, பழைய மாதிரியே சுத்தி வச்சேன்" என்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. மூடியில் இருப்பது உன் பேர் என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். விஷயம் புரிந்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அடி ஆத்தே, அந்தப் புள்ளைக்கா? நான் என்ன காரியம் பண்ணிட்டேன்" என்று அழுதவரை என்ன சொல்லித் திட்டுவது? நீ மாடி வீட்டு அக்காவிடம் சொன்னதையே சொன்னேன்.

ஆனால் எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. நேற்றே அவர் அந்தக் கடலையை எடுத்துச் சட்னி அரைத்துவிட்டு, டப்பாவை நன்றாகத் துடைத்து அதே துணியில் சுற்றி அதே இடத்தில் வைத்திருந்தால்? எனக்குத் தெரிந்திருக்காது. உன் டப்பாதானே என்று நம்பி மாவை ஊற்றியிருப்பேன்.

கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கழுவினால் போதாதா என்றும் ஆசை வந்தது. உன் கைபட்ட டப்பா. குழாயடிவரை கொண்டுபோய்விட்டேன். நீ ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து சொன்னது காதில் விழுந்தது. அப்படியே மூடி மாமியார் கையில் கொடுத்துவிட்டு, மாவை மூடி வைத்து, பாத்திரக் கடைக்கு ஓடினேன்.

அதே கடை, அதே ஆள். "பேரு என்னக்கா வெட்டணும்?" என்றார்.

"பேரு வேண்டாம்ண்ணே. 'வெறுமனே தரவும்'னு வெட்டுங்க."

மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "முன்னாடி ஒரு பாய் வீட்டம்மா இதையேதான் வெட்டச் சொன்னாங்க. அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

பக்கத்து வீடு என்றேன்.

சாயங்காலம் உன் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மடியில் டாக்டர் கொடுத்த ஊசி மருந்துப் பெட்டி. வாசலில் சாவியோடு ஜீப். நஸ்ரீன் ஒரு துண்டை எடுத்தாள். கடித்தாள். நான் அவள் உதட்டைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், மூச்சு விசிலடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். "ஏன் அத்தா, ரெண்டு பேரும் என் வாயவே பாக்குறீங்க?" என்று அவள் அப்பாவைக் கேட்டாள். பிறகு மென்றுகொண்டே, "அம்மா செஞ்சா இன்னும் கொஞ்சம் கசக்கும்" என்றாள். முதல் தடவை நீ செய்ததுபோல நானும் கோக்கோவைக் குறைத்துவிட்டேன் போலிருக்கிறது. அவள் இன்னொரு துண்டு கேட்டாள். அவளாகக் கேட்டாள்! அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவளே டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். மூடியைத் திறந்தாள். கவிழ்த்து, அடியில் தட்டிக் காட்டினாள். "பாத்துக்கங்க சின்னம்மா. வெறும் டப்பா." என் மாமியார் உள்ளேயிருந்து என்னவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் முழுங்கிக்கொண்டார். வெறும் பாத்திரம் வந்தால் ஆகாது என்று கேட்டே வளர்ந்தவள் நான். இன்று அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

போகும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயமா இருந்தா சுவத்தத் தட்டுங்க. நான் திருப்பித் தட்டுறேன்" என்றாள். உன்னைப் போலவே கேலிதான். ஆனால் உன் பயத்தை நீ என்னிடம் விட்டுப் போனது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இதை எழுதும்போது பக்கத்தில் கரண்டியை வைத்திருக்கிறேன். சற்று முன்பு தட்டினேன். உடனே அந்தப் பக்கத்திலிருந்து தட்டல் வந்தது. சிரிக்காதே. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தட்டுவேன்.