மூன்றாம் தகட்டின் சிவப்பு வட்டம்

அனுப்புநர்:
தகடு துடைக்கும் பணியாளர்,
பழைய கண்ணாடித் தகடுகள் அறை,
கீழ்த்தளம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வானாய்வகம்.

பொருள்: சிறுகோள் ஒன்றை "யாரும் கவனிக்கவில்லை" என்று கூறும் அறிக்கையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. அந்தக் காலத்தில் வானத்தைப் படமெடுத்த கண்ணாடித் தகடுகளைப் பதினான்கு ஆண்டுகளாக இங்கு துடைத்து வருகிறேன். இப்புகார் முதலில் என் மீதும், பிறகு மற்றவர்கள் மீதும்.

2. சிறுகோள் பட்டையின் வெளி ஓரத்தில் சுற்றும், கரிமம் மிகுந்த ஒரு சிறுகோள் பற்றிய நம் அறிக்கை வெள்ளியன்று வெளியே போகிறது. தன் மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நான்கு பங்கைத்தான் அது திருப்பித் தருமாம்; அடுப்புக்கரி போல அவ்வளவு கறுப்பு. முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் நம் தகடுகள் இரண்டில் பதிவாகியும் அதை "யாரும் கவனிக்கவில்லை" என்று நான்காம் பக்கம் சொல்கிறது.

3. இது தவறு. அன்று தகடுகளை அளந்தவர் என் அக்கா. இரண்டல்ல, மூன்று தகடுகளில் அந்த மங்கல் புள்ளி இடம் மாறியதைக் கண்டு, கண்ணாடியின் பின்பக்கம் சிவப்பு மையால் வட்டமிட்டு, தேதியும் சுருக்கொப்பமும் இட்டார். அப்போதைய தலைமை அளவர் ஒரே ஒரு தகட்டைப் பார்த்துவிட்டு, "தூசிம்மா இது. தூசியை எல்லாம் பதிவேட்டுல ஏத்த முடியுமா?" என்று முடித்துவிட்டார். ஆகவே பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. அந்த மை மட்டுமே சாட்சி.

4. மையைத் துடைத்தவள் நான். ஸ்கேன் செய்வதற்கு முன் மைக்குறிகளைப் படமெடுக்க வேண்டும் என்பது விதி. கேமரா பழுதாகி இரண்டு வாரம் ஆனதும் மேற்பார்வையாளர், "மைதானே, துடைங்க, பார்த்துக்கலாம்" என்றார். நாளொன்றுக்கு நாற்பது தகடு. பார்த்துத் துடைக்க நேரமில்லை. வேலியே பயிரை மேய்ந்தது. மூன்றாவதை எடுத்தபோதுதான் வட்டம் கண்ணில் பட்டது. பக்கத்து விண்மீன் மறையக் கூடாதென்று அக்கா எப்போதும் கீழே சிறிது இடைவெளி விட்டே வட்டம் போடுவார். அதற்கு முந்தைய எண்ணுள்ள இரண்டு தகடுகளும் அன்று காலை நான் துடைத்தவை. கையிலிருந்த பஞ்சு சிவந்திருந்தது.

5. மறுவாரம் எங்கள் அறைக்கு வந்த அறிக்கையின் வரைவை வீட்டில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "விடுடி, கல்லு அங்கதானே சுத்திக்கிட்டிருக்கு" என்றார். ஆனால் அன்றிலிருந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம், அந்தத் தகடுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று கேட்கிறார். பத்திரமாக இருப்பதாகச் சொல்லிச் சமாளித்து வருகிறேன். வெட்கமாக இருக்கிறது.

6. மூன்றாம் தகடு காணவில்லை என்று திங்களன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அது காணாமல் போகவில்லை. என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன். சாவியை இணைத்துள்ளேன். இதற்கு என்ன தண்டனையானாலும் ஏற்கிறேன்.

7. வெள்ளிக்குள் அந்த வட்டத்தைப் படமெடுக்கவும், தவறான வரியை நீக்கி, முதலில் பார்த்தவர் யார் என்று எழுதவும் ஆணையிட வேண்டுகிறேன். அதன் பிறகும் தகட்டைத் துடைத்தே ஆக வேண்டுமென்றால், அக்கா உள்ளே வர ஒரே ஒரு நாள் அனுமதிச் சீட்டு தாருங்கள். அவர் பார்த்து முடித்ததும் அவர் கண்முன்னேயே நான் துடைக்கிறேன். மற்ற இரண்டையும் துடைத்தது யார் என்று அப்போது என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

இடம்: தகடுகள் அறை
நாள்: புதன்கிழமை

தங்கள் பணியாளர்,
(கையொப்பம்)

இணைப்பு: இழுப்பறைச் சாவி – 1