மல்லாந்து விழுந்த கோழி

அன்பான தலாத்து அக்காவுக்கு, தங்கை லாமிசி எழுதுவது.

குமாசியில் உன் கிழங்குக் கடையும், மழைக்கு நோகும் உன் முழங்காலும் ஒழுங்காக இருக்கட்டும். என்னைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்று இருக்கிறது. உயிரோடு இருக்கிறேன். மற்றதை ஊரார் சொல்லிக் கேட்டிருப்பாய். என்னிடமும் கேள்.

நெய்மா இறந்துவிட்டாள். என் கொழுந்தன் நபாரியின் மகள். வடக்கிலிருந்து புழுதிக்காற்று வரும் மாதங்களில் கழுத்தை விறைக்க வைக்குமே, அந்தக் காய்ச்சல். பள்ளியில் நான் பாடம் எடுத்த வகுப்பில்தான் அவள். மணி அடித்த பிறகும் என் பின்னாலேயே வருவாள். காய்ச்சலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் வாசலில்தான் நின்றேன். உள்ளே விடவில்லை.

காய்ச்சலில் கிடப்பவர் வாயில் எவள் பெயர் வருகிறதோ அவள்தான் உயிரைத் தின்கிறாள். நீயும் நானும் கேட்டு வளர்ந்ததுதான். ஒரு குழந்தை தனக்குப் பிடித்தவளைக் கூப்பிடும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. பெற்றவளுக்கும்கூட.

என் கணவர் போன பிறகு நபாரி என்னைத் தன் மூன்றாம் மனைவியாக வரச் சொன்னதும், நான் மறுத்ததும், நிலக்கடலை வயலை விட்டுக்கொடுக்காததும் உனக்குத் தெரியும். அதை யாரும் இதோடு சேர்த்துப் பேசவில்லை.

அடித்தார்கள். அதை எழுதப்போவதில்லை. இடது காது சரியாகக் கேட்பதில்லை.

பிறகு, சூனியக்காரிகளை வைத்திருக்கும் இந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பூமிப் பூசாரி கோழியை அறுத்துப் பார்ப்பார். துடித்துக் குப்புறச் செத்தால் அவள் சூனியக்காரி. மல்லாந்து செத்தால் இல்லை. பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியவள் நான். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

கோழி கழுத்தறுந்து ஓடியது. நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். மல்லாந்துகொள், தாயே, மல்லாந்துகொள். விழுந்தது. கால்கள் இரண்டும் வானத்தைப் பார்த்தன. மண்ணில் நெற்றியை வைத்து அழுதேன். சந்தோஷத்தில். அந்த நேரம் நான் நம்பினேன், அக்கா. கோழிக்குத் தெரியும் என்று நம்பினேன். அவர்கள் எனக்குச் செய்ததில் பெரியது அதுதான். காது அல்ல.

பூசாரி நபாரியிடம் சொன்னார், "இவ மேல ஒண்ணுமில்லப்பா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

நபாரி கோழியைக் காலால் புரட்டிப் பார்த்தான். பிறகு என்னிடம் சொன்னான், "கோழி சொல்லிருச்சுல்ல. நீ கோழி வீட்லயே போய் இரு."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரும் ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள். நம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். வீடு சின்னது என்று பதில் வந்தது.

அதனால் இங்கேயே இருக்கிறேன். குற்றமற்றவளாக.

பக்கத்துக் குடிசையில் கத்தாரி என்று ஒருத்தி. பல் இல்லை, வாய் ஓயாது. வந்த அன்றே கேட்டாள், "என்னடி டீச்சரு, ஒனக்கும் புருஷன் செத்த வியாதிதானா? இங்க எல்லாருக்கும் அதான்." மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சந்தை கலைந்ததும் தரையில் சிந்திய சோளத்தைக் கூட்டிப் பொறுக்கி வருகிறோம். மண்ணைப் புடைத்துவிட்டுக் களி கிண்டுகிறோம்.

ஒருநாள் கத்தாரியிடம் கேட்டேன், நீங்கள் எதுவும் செய்யவில்லைதானே என்று. "தூக்கத்துல நான் எங்க போய்ட்டு வர்றேன்னு எனக்கென்னடி தெரியும்?" என்றாள். அவள் விளையாடவில்லை.

ஆண்களுக்கும் இந்தச் சக்தி உண்டு என்கிறார்கள். அவர்களிடம் இருந்தால் அது ஊரைக் காக்கிறதாம்.

இனி நான் எழுத வந்தது.

இங்கே இருக்கும் ஒவ்வொருத்திக்கும் தண்ணீர் சுமக்கக் குடும்பத்திலிருந்து ஒரு சிறுமியை அனுப்புவார்கள். தண்ணீர் குன்றுக்குக் கீழே, தொலைவில். எனக்கு வும்பினியை அனுப்பப்போகிறார்கள். என் மகளை. அடுத்த சந்தைக்கு வரும் வண்டியில் ஏற்றிவிடுவதாக நபாரி சொல்லி அனுப்பியிருக்கிறான். இரக்கத்தில் செய்வதுபோல் சொன்னானாம். ஒரு வாய் குறையும் அவனுக்கு. வயலைக் கேட்கவும் ஆள் இருக்காது.

கத்தாரிக்குத் தண்ணீர் சுமக்க வந்த பெண் இப்போது வளர்ந்துவிட்டாள். அவளைக் கட்ட ஒருவரும் வரவில்லை. சூனியம் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் என்பார்களே. இந்த மண்ணை மிதிக்கும் வரை வும்பினி வெறும் குழந்தை. மிதித்துவிட்டால் அவளுக்கு வேறு பெயர்.

என்னைக் கூட்டிக்கொள் என்று கேட்கவில்லை. உன் சந்தையில் பாதிப் பேர் நம் பக்கத்துக்காரர்கள். என் நிழல் விழுந்த கிழங்கை யார் வாங்குவார்கள்? என்னை உங்கள் வீட்டில் சேர்க்க மாட்டேன் என்று மச்சான் சொன்னது சரிதான். அவரிடம் எனக்குக் கோபமில்லை.

நீ சந்தைக்கு முன்பே ஊருக்குப் போ. கடைக்குக் கையுதவியாக வும்பினியைக் கொடு என்று நபாரியிடம் கேள். என் பெயரை எடுக்காதே. திரும்பும்போது இந்த வழியாக வராதே. என்னைப் பார்க்க வேண்டும் என்று அவள் அழுவாள். வண்டியை நிறுத்தாதே.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவள் வருகிறாள் என்று கேட்டதும் நான் முதலில் செய்தது, பாயை நகர்த்தி அவளுக்கு இடம் பண்ணியதுதான். எனக்குத் தண்ணீர் வேண்டும், அக்கா. இரவில் பக்கத்தில் ஓர் உடம்பு வேண்டும். அவள் தலைமுடியைப் பின்ன வேண்டும். இந்தக் கடிதத்தை இரண்டு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன். அதனால் என்னை நம்பாதே. மனம் மாறி வேறு சொல்லி அனுப்புவேன். உடம்பு சரியில்லை, ஒருமுறை அனுப்பு என்பேன். அது உண்மையாகவும் இருக்கும்.

இறைவன் உன் வாசலைப் பெரிதாக்கட்டும். அவள் அங்கே உண்டு உறங்கி வளரட்டும். நானே உன் வாசலில் வந்து நின்று கேட்டாலும் கொடுக்காதே.

உன் தங்கை,
லாமிசி