நேர்க்கால் கதிரைகள்

நகப்பூச்சை அழிக்கிற திரவத்தின் மணம் இன்னும் என் கோட்டில் இருக்கிறது. இன்று காலை விம்பிள்டனுக்கு அப்பால், பழைய கதிரைகளைச் செப்பனிடும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பட்டறையில் நின்றேன். நம்முடைய மணவறைக் கதிரைச் சோடியில் ஒன்றின் பின்காலில், வெளியே தெரியாத உட்பக்கமாகப் பார்த்து, அவள் பஞ்சுக் குச்சியால் ஒரு நகமளவு இடத்தைத் துடைத்தாள். நாம் அடித்த பொன் நிறம் பஞ்சோடு வந்தது. நீர் பக்கத்தில் நின்றிருந்தால் மூச்சு விட்டிருக்கமாட்டீர். உமக்கும் சேர்த்து நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சோடி நம்மிடம் வந்தபோது தென் லண்டன் சட்டனில் நாம் மணவறைச் சோடனைத் தொழில் தொடங்கிய புதிது. நீர் பாரிஸிலிருந்து இங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை. தலை நரைக்கத் தொடங்கிய வயதில் சிநேகிதிகளானதால், கடைசிவரை நமக்குள் ‘நீர்’தான், ‘நீ’ வரவேயில்லை. யாரோ ஒரு மூதாட்டி காலமாக, அவருடைய வீட்டைக் காலி செய்தார்கள். கண்ணாடிகள், விளக்குகளோடு அந்த இரண்டு கதிரைகளும் நம் வான் வண்டியில் ஏறின. முட்டை வடிவ முதுகு, நேரான கால்கள், மேலே யாரோ தடிப்பாகப் பூசிய வெள்ளைப் பெயின்ட். கலியாணத்துக்கு வெள்ளைக் கதிரை சரிவருமா? ஸ்பிரே அடித்துப் பொன்னாக்கினோம், இருக்கைக்குச் சிவப்பு வெல்வெட் போட்டோம். பெண் வீட்டாருக்கு அது ‘ராசா ராணிக் கதிரை’ ஆகிவிட்டது. அதன் பிறகு நம் மணவறைகளில் அந்தச் சோடி இல்லாமல் ஒரு தாலியும் ஏறவில்லை.

பிறகு ஒரு விடுமுறை நாளில் மகளைத் தென் கென்சிங்டன் மியூசியத்துக்குக் கூட்டிப்போன நீர், அங்கிருந்து எனக்குப் போன் எடுத்தீர். “உடனை வெளிக்கிட்டு வாரும்,” என்று மட்டும் சொன்னீர். பிள்ளையைத் தொலைத்துவிட்டீரோ என்று பதறியடித்து ஓடி வந்தேன். பிள்ளை ஒரு மூலையில் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நீர் ஒரு கயிற்றுக்கு இப்பால் குந்தியிருந்து, அப்பால் நின்ற கதிரையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்.

“பாரும், எங்கடை கதிரை.”

“அப்ப எங்கடைக்கு ஏன் ஒருத்தரும் கயிறு கட்டேல்லை?” என்றேன்.

நீர் சிரிக்கவில்லை. கீழே போகப்போக ஒடுங்கும் கால், அதில் மேலிருந்து கீழாகக் கோவில் தூண்போல ஓடும் பள்ளவரிகள், கால் சட்டத்தைச் சந்திக்கிற சதுரத்தில் ஒரு வட்டப் பூ. ஒவ்வொன்றாக விரலால் காட்டினீர். காவலாளி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

திரும்பும் ரயிலில் அந்தக் கதையைச் சொன்னீர். அதற்கு முன்பெல்லாம் கதிரைக்கால் நாயின் பின்னங்கால் மாதிரி வளைந்திருந்ததாம். சிப்பியும் கொடியும் அலையுமாக, நேர்க்கோடு கண்ணில் படாத காலம். அப்போது இத்தாலியில், எரிமலைச் சாம்பல் மூடிய பொம்பெயி என்ற ஊரைத் தோண்டத் தொடங்கினார்கள். கலயங்கள், சுவரோவியங்கள், பூமாலைச் சித்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இளம் கட்டடக் கலைஞர்கள் ரோமாபுரிக்குப் போய் இடிபாடுகளை வரைந்துகொண்டு லண்டனுக்குத் திரும்பி வந்தார்கள். வளைந்ததெல்லாம் நிமிர்ந்தது. கதிரையின் கால் தூணாயிற்று, முதுகில் மாலை தொங்கியது.

“ஒரு ஊர் அப்படியே மண்ணுக்குள்ளை போய், எவ்வளவோ காலத்துக்குப் பிறகு லண்டனிலை கதிரைக்காலா எழும்பியிருக்கு. நினைச்சுப் பாரும்,” என்றீர். நினைத்துப் பார்த்தேன். போரில் நீர் விட்டுவந்த உம்முடைய ஊரும் எனக்கு நினைவுக்கு வந்தது.

கலியாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஒவ்வொரு பெரிய மாளிகையாக இழுத்துக்கொண்டு திரிந்தீர். எனக்குக் கதிரை என்றால் கால் உளையும்போது இருப்பதற்கு, அவ்வளவுதான். ஆனால் மேற்கு லண்டனில் அந்த ஒரு கூடம் என் வாயை அடைத்துவிட்டது. கூரையில் என்ன வட்டமோ அதே வட்டம் கம்பளத்தில். சுவரில் என்ன மாலையோ அதே மாலை கதிரை முதுகில். யாரோ ஒருவர் முழு அறையையும் ஒரே மூச்சில் கண்டிருக்கிறார். கதிரைகளெல்லாம் சுவரோடு ஒட்டி நிற்க, நடுவே வெறுமையாக விட்டிருந்தார்கள். அந்தக் காலத்து வழக்கமே அதுதானாம். “ஆராத்தி எடுக்க இடம் விட்டமாதிரிக் கிடக்கு,” என்று என் காதுக்குள் சொன்னீர்.

நூறு வருடம் கழித்து அதே பாணி திரும்பவும் மோஸ்தராகி, அச்சொட்டான நகல்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன என்று எங்கேயோ வாசித்த பிறகுதான் உமக்கு நித்திரை குறைந்தது. நம்முடையவை அசலா, நகலா? நகல்தான் என்று நான் பகிடி பண்ணுவேன். அசல் என்று நீர் மல்லுக்கு நிற்பீர். பொன்னைக் கிளறிப் பார்க்க உமக்குப் பயமாகவும் இருந்தது. கடைசியாக ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக் கேட்டீர்: “நான் சொன்னது சரியோ பிழையோ எண்டு ஒருக்காப் பாரும். பிழையெண்டாலும் பரவாயில்லை. தெரியாமல் கிடக்கிறதுதான் ஏலாமல் கிடக்கு.”

இன்று பார்த்தேன். பொன்னுக்குக் கீழே வெள்ளை. வெள்ளைக்குக் கீழே தவிட்டு நிற வார்னிஷ். அதற்கும் கீழே, இளம் பிஞ்சு மாங்காயின் உட்பக்கம்போல ஒரு மெல்லிய பச்சை. பள்ளவரியில் தலைமயிர் தடிப்பில் பழைய தங்கத்தாள் மினுங்கியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாம் கடையில் வாங்கிய ஸ்பிரேயால் பொன்னாக்குமுன்பே அது பொன்னோடுதான் பிறந்திருக்கிறது.

பிறகு அவள் இரண்டையும் கவிழ்த்தாள். துடைத்துப் பார்த்ததன் அடிச்சட்டத்தில் கையால் இழைத்த மேடுபள்ளம், விரல் வைத்தால் அலையலையாகத் தெரிந்தது. மற்றதில் யந்திர வாள் விட்டுப்போன வளைகோடுகள். ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டுக் கதிரைதான், மற்றது அதற்குச் சோடியாக நூறு வருடம் கழித்து எவனோ பார்த்துப் பார்த்துச் செய்தது என்றாள். நீரும் சரி, நானும் சரி. நேருக்கு நேர் சண்டை பிடிக்க முடியாமல் போனதுதான் கவலை.

அசலை மட்டும் பொன் நீக்கித் துலக்குவோம், மற்றதற்கு அவ்வளவு வேலை வேண்டாம் என்றாள். நான் நம் வழக்கத்தை அவளுக்கு விளங்கப்படுத்தினேன். தாலி கட்டும்வரை பெண் மாப்பிள்ளையின் வலப்பக்கம் இருப்பாள். கட்டியதும் எழும்பி இருவரும் கதிரை மாறுவார்கள், அவள் இடப்பக்கம் வந்துவிடுவாள். அப்படியென்றால் நம் மணவறையில் கலியாணம் செய்த ஒவ்வொருவரும் இரண்டிலும் இருந்திருக்கிறார்கள். அவள் பஞ்சுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கதிரைகளையும் நிமிர்த்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “அப்படியானால் இரண்டையும் ஒரே மாதிரித்தான் நடத்தவேண்டும்,” என்றாள்.

வெளியே வந்து உம் மகளுக்குப் போன் எடுத்தேன். வருகிற தையில் அவளுக்குக் கலியாணம். நீர் இல்லாத மணவறையை நான் தனியாகச் சோடிக்கப்போகிறேன். பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகிறவள், கேட்டு முடித்ததும் தமிழில் சொன்னாள்: “பொன் அப்படியே கிடக்கட்டும், அன்ரி. அது அம்மா அடிச்சது. எது பழசு, எது பிறகு செய்தது எண்டும் எனக்குச் சொல்லாதேங்கோ.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் எழுந்து ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது, எது எதுவென்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். தெரிந்துவிட்டது என்று ஓடிவந்து சொல்வதற்கு எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தது, அது நீர்.