மூன்று பக்கம் தைத்த விரிப்பு

என் ஆசைத் தங்கச்சி பூமணிக்கு,

நான் சொல்லச் சொல்ல உன் மகள் சுமதி எழுதுகிறாள். எனக்குத்தான் எழுத்து வராதே. அவள் திருத்தி எழுதினால் நான் பொறுப்பில்லை.

நீ போய் ஆறு மாதம், ஒரு மாரிகாலமே கழிந்துவிட்டது. நாங்கள் இன்னும் துறைமுகப் பக்கத்து முகாமில்தான். வெடிச்சத்தம் கேட்டால் முன்பு ஓடினோம். இப்போது எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறோம்.

கட்டைபறிச்சானை விட்டு ஓடிய அன்று ஊரே அரிசியும் காணி உறுதிப் பத்திரமும் தூக்கியது. நீயோ தையல் மெஷினைக் குசினி மூலையில் விட்டுவிட்டு, அரைகுறை விரிப்புகள் அடைத்த உரப்பையைத் தூக்கினாய்.

"இதையெல்லாம் எப்ப முடிக்கப்போறாய்?" என்று கேட்டேன்.

"சாக்குத் தைக்கிற ஆளுக்கு இது விளங்காது. நட அண்ணை," என்றாய்.

துறைமுகத்தில் கிழிந்த சாக்குத் தைத்துத்தான் உன்னைக் கட்டிக் கொடுத்தேன், மறந்துவிட்டாயா? தொடங்குவதற்கென்றே பிறந்தவளடி நீ. வெட்டுத்துணியைக் கண்டால் புது விரிப்பு; பழையது பைக்குள்.

அந்தப் பைக்கும் ஒரு காலம் வந்தது. கொழும்பில் இருந்து உதவி நிறுவனத்து மிஸ் ஒருவர் வான் வண்டியில் வந்து இறங்கினார். முடியாமல் கிடக்கும் தையல்களை மாதத்துக்கு ஒன்றாக முடிக்க வேண்டுமாம். நாலு மாதமும் தவறாமல் முடிப்பவர்களில் திறமானவளுக்குத் தையல் மெஷினாம். வயலை அறுக்காமல், வீட்டுக்கு ஓடு போடாமல் விட்டுவிட்டு வந்த சனத்திடம் விரிப்பை முடி என்கிறார். "முடித்தால் மனம் ஆறும்" என்று வகுப்பு வேறு. ஆறியது என் தேத்தண்ணிதான்.

ஆனால் சுமதிக்கு மெஷின் வேண்டும். அவள் புருஷனை நேவி கடலுக்கு விடுவதில்லை. அடுப்பு எரிய வேறு வழி? மூன்று மாதமும் வயிற்றைத் தள்ளிக்கொண்டிருந்து உன் அரைகுறைகளை முடித்தாள். நான் விளிம்பு பிடித்துக் கொடுத்தேன். மிஸ் ஒவ்வொன்றின் முன்னும் நின்று படம் எடுத்தார். "எவ்வளவு துக்கம் தெரியுது!" என்றார். தெரிந்தது உன் கோணல் தையல்.

நாலாம் மாதம் பையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. சுமதியின் இந்த வயிற்றுப்பிள்ளைக்காக, முகாமுக்கு வந்த பிறகு நீ தொடங்கியது. மூன்று பக்கம் தைத்திருந்தாய். நாலாவது திறந்து கிடந்தது. அது உன் சோம்பல் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். பிறக்காத பிள்ளைக்கு எதையும் முழுதாகச் செய்து வைக்கக்கூடாது என்பாய். அழுகுரல் கேட்ட பிறகுதான் கடைசிப் பக்கம். சுமதிக்கும் அப்படித்தான் தைத்தாய்.

"அம்மான்ர விசர். தைச்சுப்போட்டுப் பிறகு பிரிச்சால் போச்சு," என்றாள் உன் மகள்.

"தை. கொம்மா வந்து அடிக்கப்போறாளோ?" என்றேன் நானும்.

ஊசியைக் குத்தினாள், நூலை இழுக்கவில்லை. ஊரை விட்டு ஓடிய வழியில் ஒரு கருவைப் பறிகொடுத்தவள் அல்லவா?

"ஏலாது மாமா," என்றாள்.

விரிப்பை அப்படியே மடித்து நானே கொண்டுபோனேன்.

"ஐயா, இது முடியேல்லையே?" என்றார் மிஸ்.

"பிள்ளையும் பிறக்கேல்லையே, மிஸ்."

"இந்தக் காலத்திலயும் இப்பிடியா?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற நம் பெண்களும் சிரித்தார்கள். தங்கள் பிள்ளைகள் பிறக்குமுன் ஒரு சட்டைகூட வாங்கி வைக்காதவளுகள்!

மெஷின் யாருக்குப் போனது தெரியுமா? மாதாமாதம் கடையில் புதுத்துணி வாங்கி, பாதி தைத்து, அதையே "முடியாமல் கிடந்தது" என்று காட்டி முடித்தவளுக்கு. மாலை போட்டுப் படமும் எடுத்தார்கள். நீ இருந்திருந்தால் அவள் கொண்டையைப் பிடித்து இழுக்காமல் விட்டிருப்பாயா?

"மாமா, இதை எழுதமாட்டன்," என்கிறாள் சுமதி. எழுதடி.

உன்னிடமும் எனக்குக் கோபம்தான். ஒரு பக்கத்தை மிச்சம் வைத்துவிட்டு என்ன அவசரம் உனக்கு? ஆமி வீதியை மூடிய அன்று பார்த்தா நெஞ்சு வலித்து, ஆஸ்பத்திரியைக் காணாமலே போக வேண்டும்?

சுமதிக்கு இது நிறைமாதம். வீதியை மூடினாலும் திறந்தாலும், காவலரணில் எவன் மறித்தாலும், அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். இது சத்தியம். பிள்ளை அழட்டும். பக்கத்தில் இருந்து அந்த நாலாவது பக்கத்தை நானே தைப்பேன். குறை சொல்லாதே. சொல்வதென்றால் வந்து சொல்.

உன் வாய்க்குப் பயந்தே கிழவனான,
அண்ணன்.